பகிர்வு டெஸ்ட்பெட்டில் ஒரு நெட்வொர்க் சோதனை: கேள்வியிலிருந்து கடைசி ஃபைல் வரை

மடிக்கணினியில் மினிநெட் என்ற நெட்வொர்க் மாதிரிக் கருவியைப் போட்டு, நான்கு ஹோஸ்ட், இரண்டு சுவிட்ச் என்று ஒரு டோபாலஜி (எது எதோடு இணைகிறது என்ற அமைப்பு) எழுதி, வேகம் அளக்கும் ஐபெர்ஃப் நிரலை ஓட்டினால் விநாடிக்குப் பல ஜிகாபிட் என்று ஒரு எண் வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாக்கெட் எந்தக் கம்பியிலும் போகவில்லை. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். அந்த எண் உங்கள் நெட்வொர்க்கைப் பற்றிச் சொல்வதைவிட உங்கள் சிபியூவைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

மினிநெட்டைக் குறை சொல்லவில்லை. 2010இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த அந்தக் கருவி இல்லாவிட்டால் எஸ்டிஎன் (மென்பொருளால் கட்டுப்படுத்தும் நெட்வொர்க்) கற்பித்தல் இன்று இருக்கும் இடத்துக்கு வந்திருக்காது. நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அதைவிட வசதியான இடம் கிடையாது. ஆனால் கேள்வி வேகம், தாமதம், வரிசை நிரம்புவது, உண்மையான நெட்வொர்க் அட்டை எப்படி நடந்துகொள்ளும் என்று போகத் தொடங்கினால், தனித்தனி இயந்திரங்களும் உண்மையான லிங்குகளும் தேவைப்படும். அவற்றைச் சொந்தமாக வாங்கி வைத்துப் பராமரிக்க எல்லாராலும் முடியாது. அதற்காகத்தான் பல ஆராய்ச்சியாளர்கள் பகிர்ந்துகொள்ளும், நிரல் எழுதி வளைக்கக்கூடிய டெஸ்ட்பெட்டுகள், அதாவது சோதனைக் களங்கள் இருக்கின்றன.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு சோதனையைப் பிடித்துக்கொண்டு போகிறது: இணையத்தில் தரவை நம்பகமாகக் கொண்டுசேர்க்கும் டிசிபி, எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்று முடிவெடுக்க நெரிசல் கட்டுப்பாட்டு முறை ஒன்றை வைத்திருக்கும்; அவற்றில் கியூபிக், பிபிஆர் என்ற இரண்டை ஒரு குறுகலான லிங்கில் ஒப்பிடுவது. லினக்ஸில் கியூபிக் 2006இல் வந்த 2.6.19 கெர்னலிலிருந்து இயல்பான தேர்வாக இருக்கிறது. கூகுள் உருவாக்கிய பிபிஆர் 2016இல் 4.9 கெர்னலில் சேர்ந்தது. இரண்டும் எல்லா லினக்ஸிலும் கிடைக்கும் என்பதால் கற்றுக்கொள்ளத் தோதான ஜோடி. உங்கள் சோதனை வேறாக இருந்தாலும் படிகள் பெரும்பாலும் இவைதான்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

"பிபிஆர் நல்லதா?" என்று கேட்டால் எந்த டெஸ்ட்பெட்டாலும் பதில் சொல்ல முடியாது. "விநாடிக்கு 100 மெகாபிட், 40 மில்லிவிநாடி போய்வரும் நேரம் கொண்ட லிங்கில், ரவுட்டரில் பாக்கெட் காத்திருக்கும் இடமான பஃபரைச் சிறிதிலிருந்து பெரிதாக்கும்போது கியூபிக்குக்கும் பிபிஆருக்கும் கிடைக்கும் பங்கு எப்படி மாறுகிறது?" என்று கேட்டால் முடியும். இந்த வாக்கியத்திலேயே எத்தனை இயந்திரம் வேண்டும், எதை மாற்றப் போகிறோம், எதை நிலையாக வைக்கப் போகிறோம், எதை அளக்கப் போகிறோம் எல்லாமே வந்துவிட்டன. எழுத முடியவில்லை என்றால் டெஸ்ட்பெட்டில் இன்னும் பயனர் கணக்குகூடத் தொடங்க வேண்டாம்.

அப்புறம், எதிர்பார்க்கும் எண்களையும் முன்கூட்டியே கணக்கிட்டு வையுங்கள். இங்கே பேண்ட்வித்தையும் தாமதத்தையும் பெருக்கினால் 40 லட்சம் பிட், அதாவது 5 லட்சம் பைட். 1500 பைட் பாக்கெட்டாகப் பார்த்தால் சுமார் 333 பாக்கெட். எந்த நேரத்திலும் வழியில் மிதந்துகொண்டிருக்கக்கூடிய தரவு இவ்வளவுதான். பஃபரும் அதே 5 லட்சம் பைட் என்றால், அது முழுக்க நிரம்பும்போது கூடுதலாக 40 மில்லிவிநாடி தாமதம் சேரும். போய்வரும் நேரம் 80ஐத் தொடும். பஃபர் நான்கு மடங்கானால் 200. கால் மடங்கானால் 50. இந்த எண்களைத் தாளில் எழுதி ஒட்டிவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 2: கேள்விக்கு ஏற்ற களத்தைத் தேர்ந்தெடுங்கள்

டெஸ்ட்பெட்டுகளுக்குள் ஒரு பழைய இழுபறி உண்டு: உண்மைத்தன்மையா, திரும்பச் செய்ய முடிவதா? 2002இல் தொடங்கிய பிளானட்லேப் உண்மைத்தன்மையின் பக்கம் நின்றது. உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் தலா ஓரிரு சர்வர்களை வைக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோடுகள் நிஜ இணையத்தின் மேல் ஓடின. பிரின்ஸ்டனின் கோடீன் என்ற உள்ளடக்க விநியோக நெட்வொர்க் போன்றவை அதில்தான் நிஜப் பயனர்களைச் சந்தித்தன. ஆனால் இணையம் நேற்று இருந்தது போல இன்று இருக்காது. ஒரே இயந்திரத்தைப் பலர் பங்குபோட்டதால் பக்கத்து ஆளின் நிரல் உங்கள் எண்ணைக் கெடுக்கும். 2020இல் அது மூடப்பட்டது.

யூட்டா பல்கலைக்கழகத்தின் எமுலேப் எதிர்ப்பக்கம் நின்றது. முழு இயந்திரத்தையும் உங்களிடம் கொடுத்துவிடுவார்கள். லிங்கின் வேகத்தையும் தாமதத்தையும் நீங்கள் சொல்லும் அளவுக்கு அவர்களே வைத்துத் தருவார்கள். நிஜ இணையம் இல்லை. ஆனால் நாளைக்கும் அதே சோதனையைச் செய்யலாம். இன்றைய பெரும்பாலான களங்கள் இந்த இரண்டின் கலவைகள்தான்.

நடைமுறையில் நான் இப்படித்தான் பிரிப்பேன்:

கியூபிக்–பிபிஆர் போலச் சில இயந்திரங்களும் கட்டுப்பாடான லிங்குகளும் போதும் என்றால் கிளவுட்லேப். 2014இல் தொடங்கியது, யூட்டா, விஸ்கான்சின், கிளெம்சன் பல்கலைக்கழகங்களில் இயந்திரங்கள் இருக்கின்றன, எமுலேப்பின் மென்பொருள்தான் அடித்தளம். நடுவில் ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) இல்லாமல் இயந்திரம் நேரடியாகக் கைக்கு வரும் என்பது பெரிய பலம். சிகாகோ பல்கலைக்கழகமும் டெக்சஸின் டாக் மையமும் சேர்ந்து நடத்தும் கமீலியன் இதற்கு நெருங்கிய உறவு. கிளவுட் சார்ந்த சோதனைகளுக்கும் முன்பதிவு செய்து வேலை செய்வதற்கும் அது வசதி.

நகரங்களைத் தாண்டிய தூரம், 100 ஜிகாபிட் லிங்க், எஃப்பிஜிஏ (வன்பொருளையே நிரல் எழுதி மாற்றக்கூடிய சிப்) அட்டை, நெட்வொர்க்கின் நடுவிலேயே கணக்கீடு என்று போனால் ஃபேப்ரிக். 2019இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் தொடங்கிய இதில் அமெரிக்கா முழுவதும் தளங்கள் உண்டு. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் சில இருக்கின்றன. ஜூபிட்டர் நோட்புக்கில் பைத்தான் எழுதியே முழு நெட்வொர்க்கையும் கட்டிவிடலாம்.

வயர்லெஸ் என்றால் கதையே வேறு. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்பிட்டில் 20க்கு 20 என்று கட்டமாக 400 ரேடியோ நோடுகள் ஒரே கூடத்தில் இருக்கின்றன. நகரத்துத் தெருக்களில் வேண்டும் என்றால் நியூயார்க்கின் காஸ்மாஸ், சால்ட்லேக் சிட்டியின் பவுடர். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு பிரான்ஸின் கிரிட்5000, அதைவிடப் பரந்த ஸ்லைசஸ் முயற்சி. நிஜ இணையத்தில் பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறை) அறிவிப்பையே செய்து பார்க்க வேண்டும் என்றால் பியரிங் என்ற களம் அதற்கென்றே இருக்கிறது; சொந்த ஏஎஸ் எண்ணும் (இணையத்தில் ஒரு நெட்வொர்க்கின் அடையாளம்) அதற்கு உண்டு. வெறும் அளவீடு மட்டும் போதும், நிரல் ஓட்ட வேண்டாம் என்றால் ரைப் அட்லஸ் போதுமானது.

சுவிட்ச் பாக்கெட்டை எப்படிக் கையாள வேண்டும் என்று எழுதும் மொழியான பி4 பற்றி ஒரு வார்த்தை. பி4 நிரலைச் சோதிக்க பெரும்பாலும் பிஎம்வி2 என்ற மென்பொருள் சுவிட்சில்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள். அது நிரல் சரியா என்று பார்க்க மட்டும். வேகம் அளக்க அல்ல, அதை உருவாக்கியவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். பிஎம்வி2இல் எடுத்த வேகத்தை ஆய்வுக் கட்டுரையில் பார்த்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன். பி4 நிரலை வன்பொருளில் ஓட்டும் உண்மையான டொஃபினோ சுவிட்ச் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அதன் அடுத்த தலைமுறைகளை நிறுத்துவதாக இன்டெல் 2023இல் அறிவித்துவிட்டது. நீண்ட காலத் திட்டம் போடுபவர்கள் எஃப்பிஜிஏ அல்லது ஸ்மார்ட் நெட்வொர்க் அட்டைகள் பக்கமும் ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

படி 3: கணக்கு, திட்டம், சாவி

இது சலிப்பான படி, சீக்கிரம் முடித்துவிடலாம். பெரும்பாலான களங்களில் மாணவர் தனியாகத் திட்டம் திறக்க முடியாது. ஆசிரியரோ ஆய்வுத் தலைவரோ திட்டத்தைத் தொடங்க, மாணவர்கள் அதில் சேர வேண்டும். ஒப்புதலுக்கு நாள் ஆகலாம். அதனால் வேலை தொடங்கும் நாளுக்கு வெகு முன்பே விண்ணப்பியுங்கள். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இயந்திரத்துக்குள் நுழையும் வழி) சாவி ஜோடியை உருவாக்கிப் பொதுச் சாவியை மட்டும் ஏற்றுங்கள். ஃபேப்ரிக்கில் நடுவில் ஒரு பாஸ்டியன் ஹோஸ்ட் (எல்லாரும் முதலில் நுழையும் வாசல் இயந்திரம்) உண்டு, அதற்குத் தனிச் சாவி. இரண்டையும் குழப்பிக்கொண்டு "உள்ளே போக முடியவில்லை" என்று தவிப்பவர்கள்தான் அதிகம். எஸ்எஸ்எச் கன்ஃபிக் ஃபைலில் ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

படி 4: டோபாலஜியை நிரலாக எழுதுங்கள்

போர்ட்டலில் எலியால் இழுத்து வரையும் வசதி இருக்கும். முதல் நாள் பழகுவதற்கு அது போதும். அதற்கு மேல் வேண்டாம்.

நமது சோதனைக்கு நான்கு நோடு: அனுப்புபவர் இருவர், நடுவில் ரவுட்டராக ஒரு லினக்ஸ் இயந்திரம், மறுமுனையில் பெறுபவர் ஒருவர். கிளவுட்லேப்பில் இதை ஒரு பைத்தான் ஸ்கிரிப்டாக எழுதி புரொஃபைல் என்று சேமிக்கிறோம். ஃபேப்ரிக்கில் ஃபேப்லிப் நூலகத்தை வைத்து ஸ்லைஸ் என்று உருவாக்குகிறோம். ஸ்லைஸ் என்பது பிளானட்லேப் காலத்திலிருந்தே வரும் சொல்: பகிர்வுக் களத்திலிருந்து உங்களுக்கு மட்டும் வெட்டிக் கொடுத்த துண்டு.

ஸ்கிரிப்டில் மூன்று விஷயங்களை விட்டுவிடாதீர்கள். இயந்திர வகையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "எது கிடைத்தாலும் சரி" என்று விட்டால் இந்த வாரம் ஒரு நெட்வொர்க் அட்டையும் அடுத்த வாரம் இன்னொன்றும் வரும். இயக்கமுறை இமேஜையும் பதிப்போடு குறிப்பிடுங்கள். ஒவ்வொரு லிங்குக்கும் தனி சப்நெட் (ஐபி முகவரித் தொகுதி) கொடுங்கள். எல்லாரையும் ஒரே சப்நெட்டில் போட்டால் ரவுட்டருக்கு வேலையே இருக்காது.

நோடு எழுந்ததும் செய்ய வேண்டிய நிறுவல் வேலைகளும் டோபாலஜி ஸ்கிரிப்ட் இருக்கும் அதே ரெப்போவில் (நிரல் சேமிப்பகத்தில்) ஸ்கிரிப்டாக இருக்கட்டும். ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு பக்கம் வரும் பாக்கெட்டை மறுபக்கம் அனுப்புவதை) இயக்குவது, ரூட் சேர்ப்பது, ஐபெர்ஃப்3 நிறுவுவது எல்லாம். எஸ்எஸ்எச்சில் உள்ளே போய்க் கையால் தட்டிய ஒரே ஒரு கட்டளைகூட பிறகு நினைவில் இருக்காது. என்னைக் கேட்டால், பகிர்வு டெஸ்ட்பெட்டின் பெரிய பயன் அதன் விலையுயர்ந்த இயந்திரங்கள் இல்லை. நேரம் முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார்கள் என்ற பயத்திலேயே நாம் எல்லாவற்றையும் ஸ்கிரிப்டாக எழுதப் பழகிவிடுகிறோம். மேசைக்கு அடியில் சொந்த சர்வர் வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டாயம் கிடையாது, அதனால் பெரும்பாலும் அந்தப் பழக்கமும் கிடையாது.

படி 5: இரண்டு நெட்வொர்க்குகளைப் பிரித்தறியுங்கள்

ஒவ்வொரு நோடிலும் குறைந்தது இரண்டு இன்டர்ஃபேஸ் (நெட்வொர்க் இணைப்பு முனை) இருக்கும். ஒன்று கட்டுப்பாட்டு நெட்வொர்க்: நீங்கள் எஸ்எஸ்எச்சில் உள்ளே வருவது, மென்பொருளைப் பதிவிறக்குவது எல்லாம் அதன் வழியாக. மற்றது சோதனை நெட்வொர்க்: நீங்கள் வரைந்த டோபாலஜி. புதியவர்களின் சோதனைகள் அடிக்கடி தவறுதலாக முதல் நெட்வொர்க்கின் மேலேயே ஓடிவிடும். நோடின் முழுப் பெயரைப் போட்டு ஐபெர்ஃப்பை ஓட்டினால், அந்தப் பெயர் கட்டுப்பாட்டு முகவரியைத்தான் காட்டும். வேகம் நன்றாகவே வரும். படி 6இல் நீங்கள் வைக்கப்போகும் குறுகலான லிங்கை அது தொடவே தொடாது.

கண்டுபிடிப்பது எளிது. இலக்கு முகவரிக்கு எந்த வழி என்று கெர்னலிடம் கேட்கும் "ஐபி ரூட் கெட்" கட்டளையை முதலில் ஓட்டுங்கள். அப்புறம் ரவுட்டரின் இன்டர்ஃபேஸ் பைட் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, 100 மெகாபைட் அனுப்பிவிட்டு மறுபடி பாருங்கள். ரவுட்டரில் 100 மெகாபைட் ஏறவில்லை என்றால் பாக்கெட்டுகள் வேறு வழியில் போகின்றன.

இன்டர்ஃபேஸ் பெயர்களை ஸ்கிரிப்டில் அப்படியே எழுதாதீர்கள். மறுமுறை வேறு இயந்திரம் கிடைக்கும்போது பெயரும் வரிசையும் மாறும். சோதனை நெட்வொர்க்கின் ஐபி முகவரியை வைத்து இன்டர்ஃபேஸைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி எழுதுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஒருநாள் தாமதத்தையும் பாக்கெட் இழப்பையும் கட்டுப்பாட்டு இன்டர்ஃபேஸின் மேலேயே போட்டு, எஸ்எஸ்எச் துண்டாகி வெளியே நிற்க வேண்டிவரும். முன்னெச்சரிக்கையாக, 5 நிமிடம் கழித்து எல்லா அமைப்பையும் நீக்கிவிடும் ஒரு கட்டளையை முதலில் ஓட விட்டுவிட்டு, அதன் பிறகு அமைப்பை மாற்றுவது நல்ல பழக்கம்.

கட்டுப்பாட்டு நெட்வொர்க் உங்களுடையது மட்டும் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். அதில் முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர் ஓட்டினால் அடுத்தவரின் இயந்திரம் உங்களிடம் முகவரி கேட்டு நிற்கும். ஸ்கேன் செய்வது, தாக்குதல் டிராஃபிக் உருவாக்குவது எல்லாம் மூடிய சோதனை லிங்கிற்குள் மட்டும். கடவுச்சொல் இல்லாத டேட்டாபேஸைப் பொது முகவரியில் திறந்து வைத்தால் யாராவது தேடிக் கண்டுபிடித்து உள்ளே வந்துவிடுவார்கள், அதற்கு அதிக நேரம் ஆகாது.

படி 6: குறுகலான லிங்கை உருவாக்குங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் பிழை இங்கே சத்தமில்லாமல் நுழையும்.

லினக்ஸில் இதற்கான கருவி டிசி. அதன் கீழே வேகத்தைக் கட்டுப்படுத்த டிபிஎஃப், தாமதம் சேர்க்க நெட்எம். பலரும் இரண்டையும் நெட்எம்மிலேயே ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பிரச்சினை. தாமதத்துக்காகக் காத்திருக்கும் பாக்கெட்டும் நெரிசலில் வரிசையில் நிற்கும் பாக்கெட்டும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். பஃபர் அளவுதான் நமது கேள்வியே. அது எவ்வளவு என்றே தெரியாமல் போனால் என்ன செய்வது?

பிரித்து வையுங்கள். ரவுட்டரில் பெறுபவரை நோக்கிய இன்டர்ஃபேஸில் டிபிஎஃப்: வேகம் 100 மெகாபிட், வரிசையின் எல்லை 5 லட்சம் பைட். தாமதத்தை எதிர்த்திசையில், அதாவது ரவுட்டரிலிருந்து அனுப்புபவர்களை நோக்கிய இன்டர்ஃபேஸ்களில் 40 மில்லிவிநாடியாக நெட்எம்மில் வையுங்கள். பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும் ஒப்புகைப் பாக்கெட்டுகள் தாமதமாகத் திரும்பும். டிசிபிக்குப் போய்வரும் நேரம்தான் கணக்கு, எந்தத் திசையில் தாமதம் என்பது அதற்குப் பொருட்டில்லை. டிசி வெளியே போகும் பாக்கெட்டைத்தான் வரிசைப்படுத்தும், உள்ளே வருவதை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

தாமதத்தை அனுப்பும் இயந்திரத்திலேயே போட்டால் என்ன? போடலாம், ஆனால் கூடாது. அனுப்பும் கெர்னல் தன் சொந்த இன்டர்ஃபேஸின் வரிசையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்து டிசிபியைத் தடுத்து நிறுத்தும். நிஜ நெட்வொர்க்கில் தொலைவில் உள்ள ரவுட்டரின் வரிசை அப்படி அதற்குத் தெரியாது.

நெட்எம்மின் இயல்பான எல்லை 1000 பாக்கெட். நமது சோதனைக்கு அது பிரச்சினையில்லை: விநாடிக்கு 8333 பாக்கெட் போகிறது, இரண்டுக்கு ஓர் ஒப்புகை என்றால் 40 மில்லிவிநாடியில் சுமார் 167 ஒப்புகைதான் காத்திருக்கும். ஆனால் யாராவது 1 ஜிகாபிட் லிங்கில் தரவுத் திசையில் 100 மில்லிவிநாடி தாமதம் வைத்தால் கணக்கு மாறிவிடும். அங்கே வழியில் இருக்க வேண்டியது சுமார் 8333 பாக்கெட். நெட்எம் 1000ஐத் தாண்டியதும் வருவதைக் கீழே போடும். 100 மில்லிவிநாடிக்கு 1000 பாக்கெட் என்றால் விநாடிக்கு 120 மெகாபிட். பிழைச் செய்தி எதுவும் வராது. பார்ப்பவர் நெரிசல் கட்டுப்பாட்டு முறையைத்தான் திட்டுவார்.

இன்னொன்று ஆஃப்லோடு. நெட்வொர்க் அட்டையும் கெர்னலும் சேர்ந்து பல பாக்கெட்டுகளை ஒன்றாகக் கட்டி 64 கிலோபைட் வரையிலான ஒரே துண்டாக நகர்த்தும். வேகத்துக்கு அது வரப்பிரசாதம். ஆனால் "1000 பாக்கெட்" என்று நீங்கள் எண்ணும்போது எண்ணப்படுவது உண்மையில் பாக்கெட் அல்ல. இந்தச் சோதனையில் வேகம் குறைவு. அதனால் ஆஃப்லோடு வகைகளான டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ மூன்றையும் எல்லா நோடிலும் நிறுத்திவிடலாம். 100 ஜிகாபிட் சோதனையில் நிறுத்தினால் சிபியூ தாங்காது. அங்கே இயக்கியே வைத்து, பஃபரைப் பாக்கெட்டில் அல்லாமல் பைட்டில் கணக்கிட வேண்டும்.

படி 7: சோதனைக்கு முன் களத்தைச் சோதியுங்கள்

இப்போது தாளில் எழுதி ஒட்டிய எண்களை எடுங்கள்.

சும்மா இருக்கும்போது பிங் 40 மில்லிவிநாடிக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். 0.2 என்று காட்டினால் படி 5க்குத் திரும்புங்கள். 80 என்றால் தாமதத்தை இரண்டு இடத்தில் போட்டிருக்கிறீர்கள்.

ஒற்றை கியூபிக் ஓட்டத்தில் ஐபெர்ஃப்3 விநாடிக்கு 95.6 மெகாபிட்டை ஒட்டி வர வேண்டும். ஏன் 100 இல்லை? டிபிஎஃப் ஈதர்நெட் தலைப்போடு 1514 பைட்டைக் கணக்கிடுகிறது. அதில் டிசிபி சுமக்கும் உண்மையான தரவு 1448 பைட். 98 என்று வந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள், எங்கோ கணக்கு தப்பியிருக்கிறது.

அடுத்ததுதான் முக்கியமானது. கியூபிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே வழியில் பிங் ஓட்டுங்கள். நேரம் 40இலிருந்து மெல்ல ஏறி 80ஐ நெருங்கி, பாக்கெட் இழப்பு நேர்ந்ததும் இறங்கி, மறுபடி ஏறும். கியூபிக் பஃபரை நிரப்புவது கண்ணெதிரே தெரியும். ஏறவே இல்லை என்றால் குறுகலான இடம் நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை. சிபியூவோ சாக்கெட் பஃபரோ (இயந்திரத்துக்குள் ஓர் இணைப்புக்கு ஒதுக்கிய நினைவகம்) முதலில் தடையாகிவிட்டது. பெரிய பேண்ட்வித்–தாமதப் பெருக்கத்தில் இந்தச் சாக்கெட் பஃபர் அடிக்கடி மாட்டும்: லினக்ஸில் அனுப்பும் பக்கத்தின் இயல்பான உச்சம் 4 மெகாபைட், பெறும் பக்கத்தில் நீண்ட காலம் 6 ஆக இருந்தது, புதிய கெர்னல்களில் கூடியிருக்கிறது. நமக்குத் தேவை அரை மெகாபைட் என்பதால் தப்பித்தோம். பஃபரை நான்கு மடங்காக்கும்போதும் வழியில் 2.5 மெகாபைட்தான்.

அதிவேகச் சோதனை என்றால் ஐபெர்ஃப்3இன் பதிப்பையும் பாருங்கள். 3.16க்கு முந்தையவை எத்தனை இணைப்பு திறந்தாலும் ஒரே த்ரெடில்தான் ஓடும். ஒரு கோர் நிரம்பியதும் அதுவே உச்சம்.

படி 8: ஓட்டுங்கள், வரிசையைக் கலைத்து ஓட்டுங்கள்

பஃபர் கால் மடங்கு, ஒரு மடங்கு, நான்கு மடங்கு என மூன்று அளவு. ஒவ்வொன்றிலும் ஓர் அனுப்புநர் கியூபிக், இன்னொருவர் பிபிஆர், ஒரே நேரத்தில் 120 விநாடி. முதல் சில விநாடிகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடலாம், அது தொடக்கக் கட்டம். ஒவ்வொரு அளவையும் பத்து முறை ஓட்டினால் நல்லது. யார் முதலில் தொடங்குகிறார் என்பதையும் மாற்றி மாற்றி வையுங்கள், ஏனென்றால் முந்தியவருக்குச் சாதகம் உண்டு.

ஒரு பஃபர் அளவைப் பத்து முறை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். முப்பது ஓட்டத்தையும் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துவிடுங்கள். பகிர்வுக் களத்தில் மாலை நேரத்தில் சுமை மாறலாம், இயந்திரம் சூடாகலாம். அந்த மாற்றம் எல்லா அளவின் மேலும் சமமாக விழ வேண்டும். ஒரே வகை இயந்திரங்களுக்குள்ளேகூட செயல்திறன் வேறுபடும் என்று கிளவுட்லேப் இயந்திரங்களை நீண்ட காலம் அளந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதனால் முடிந்தால் ஸ்லைஸைக் கலைத்து, வேறு நோடுகளில் மறுபடி எழுப்பியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். படி 4ஐ ஒழுங்காகச் செய்தவர்களுக்கு இது ஒரு கட்டளைதான்.

லினக்ஸ் இன்னொரு வேலையும் செய்யும், அதிகம் பேருக்குத் தெரியாது. முடிந்த இணைப்பிலிருந்து சில டிசிபி அளவுகளை அது நினைவில் வைத்துக்கொண்டு, அதே இலக்குக்குப் போகும் அடுத்த இணைப்பை அவற்றிலிருந்து தொடங்கும். நிஜ வாழ்க்கையில் நல்லது. சோதனையில் ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன் சாயலோடு தொடங்கும். அந்தச் சேமிப்பை நிறுத்த கெர்னல் அமைப்பில் ஒரு வழி உண்டு. அதை நிறுத்திவிட்டு, இருக்கும் நினைவையும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

என்ன எதிர்பார்க்கலாம்? முதல் பதிப்பு பிபிஆர், சிறிய பஃபரில் கியூபிக்கை ஓரங்கட்டும். பாக்கெட் இழப்பைக் கண்டு அது பெரிதாகப் பின்வாங்குவதில்லை. பெரிய பஃபரில் நிலைமை தலைகீழாகி கியூபிக் கை ஓங்கும். பிறர் பலமுறை பார்த்திருக்கும் இந்த மாற்றம் உங்களிடமும் தெரிந்தால் களத்தை நம்பலாம். அதன் பிறகு உங்கள் சொந்தக் கேள்விக்குப் போங்கள்.

படி 9: நேரம் முடிவதற்குள் தரவை வெளியே எடுங்கள்

கிளவுட்லேப் சோதனை இயல்பாக 16 மணி நேரத்திலும் ஃபேப்ரிக் ஸ்லைஸ் 24 மணி நேரத்திலும் காலாவதியாகும். நீட்டிக்கலாம், ஆனால் பெரிய மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்பும் கடைசி நாட்கள் நெருங்கும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து குவிவார்கள். அந்தச் சமயத்தில் நீட்டிப்பை நம்பி உட்காராமல் முன்பதிவு செய்துவிடுங்கள். காலாவதியானால் நோடின் உள்வட்டில் இருப்பது போய்விடும். ஒவ்வோர் ஓட்டமும் முடிந்தவுடன் அதன் முடிவை வெளியே நகலெடுக்கும்படி ஸ்கிரிப்டிலேயே எழுதுங்கள், கடைசியில் மொத்தமாக என்று வைக்காதீர்கள்.

பாக்கெட் பதிவு எடுப்பதாக இருந்தால் ஒவ்வொன்றின் முதல் 96 அல்லது 128 பைட் போதும், தலைப்புகள் அதற்குள் அடங்கிவிடும். முழுதாகப் பதிவு செய்தால் 10 ஜிகாபிட் லிங்கில் விநாடிக்கு 1.25 ஜிகாபைட் வட்டில் விழும். ஒருவழித் தாமதம் அளக்க வேண்டும் என்றால் இரண்டு இயந்திரத்தின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். கடிகாரத்தை ஒத்திசைக்கும் சாதாரண என்டிபி மில்லிவிநாடிக் கணக்குக்கு ஓரளவு சரி, மைக்ரோவிநாடி வேண்டும் என்றால் அதைவிடத் துல்லியமான பிடிபி உள்ள தளத்தைத் தேடுங்கள்.

ஒவ்வொரு முடிவு ஃபைலோடும் கெர்னல் பதிப்பு, இயந்திர வகை, நோடின் அடையாளம், நெட்வொர்க் அட்டையின் மாதிரி, டிசி அமைப்பின் முழு வெளியீடு, ரெப்போவின் கமிட் எண் (நிரலின் எந்தப் பதிப்பு என்ற அடையாளம்) எல்லாம் தானாகவே சேமிக்கப்படட்டும். ஆறு மாதம் கழித்து மதிப்பீட்டாளர் ஒரு வரைபடத்தைக் காட்டிக் கேள்வி கேட்கும்போது இதைத்தான் தேடுவீர்கள்.

வகுப்புக்காகச் செய்பவர்களுக்கு

ஆராய்ச்சிக்கும் வகுப்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம்: நாற்பது மாணவர்கள் ஒரே இரவில், சமர்ப்பிக்க வேண்டிய கடைசி இரவில், தலா நான்கு நோடு கேட்பார்கள். 160 இயந்திரம் எந்தக் களத்திலும் சும்மா இருக்காது. மூவர் மூவராகக் குழு பிரியுங்கள். முழு இயந்திரத்துக்குப் பதில் விர்ச்சுவல் மெஷின் கொடுங்கள். 100 மெகாபிட் சோதனைக்கு அது தாராளம். குழுக்களுக்குக் கடைசித் தேதியை வேறு வேறாக வைத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். பயிற்சியை மாணவருக்குக் கொடுக்கும் முன், ஒரு குழுவுக்கு மட்டும் இல்லாமல் எல்லாக் குழுவுக்குமான ஸ்லைஸ்களை ஒரே நேரத்தில் எழுப்பிப் பாருங்கள்.

முதல் வாரம் மினிநெட்டிலேயே போகட்டும். கட்டளைகள் கைக்கு வந்த பிறகு டெஸ்ட்பெட். ஸ்டான்ஃபோர்டில் வெளியான ஆய்வுகளின் முடிவை மாணவர்களே மறுபடி செய்து பார்க்கும் பாடம் ஒன்று நடந்தது, பெரும்பாலும் மினிநெட்டை வைத்தே. அந்த மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: குழுவுக்கு ஒரு கட்டுரை, அதிலிருந்து ஒரே ஒரு வரைபடம். கிடைக்கவில்லை என்றால் ஏன் கிடைக்கவில்லை என்று எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எண்களை வளைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஓட்டுவதற்கு முன்பே எதிர்பார்க்கும் எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 40, 80, 200 என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர், வரைபடத்தில் 140 வந்தால் கேள்வி கேட்பார். கணக்குப் போடாதவருக்கு எந்த எண்ணும் சரிதான்.

தேர்வுக்கு ஒரு யோசனை. வேண்டுமென்றே கெட்டுப்போன ஒரு புரொஃபைலைக் கொடுங்கள்: 1 ஜிகாபிட் லிங்க், தரவுத் திசையில் 100 மில்லிவிநாடி நெட்எம், எல்லை இயல்பான 1000, ஆஃப்லோடு நிறுத்தப்பட்டது. வேகம் ஏன் 120 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்று கேளுங்கள். கணக்கோடு காரணம் சொன்னால் முழு மதிப்பெண். எல்லையை மட்டும் ஏற்றிவிட்டு "இப்போது சரியாகிவிட்டது" என்று எழுதினால் பாதி.